கணிதத்துக்கு முந்திய கூரை

சாய்கூரையின் வரலாறு உதைப்புக்கும் பிணைப்புக்கும் இடையிலான போராட்டத்தின் வரலாறாகும். இருபுறமும் சாய்த்து நிறுத்தப்படும் கைமரங்கள், கூரைப் பாரத்தினால் அடியில் விரிய முயன்று, சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளுகின்றன. அவற்றின் அடிகளைக் குறுக்கு உத்தரமொன்றினாற் பிணைத்துவிட்டால் முக்கோணம் முழுமை பெறுகின்றது. கைமரங்கள் நெருக்கலை ஏற்கின்றன. உத்தரம் இழுவையை ஏற்கின்றது. சுவரோ கீழ்நோக்கிய பாரத்தை மட்டுமே தாங்குகின்றது. கூரைச் சட்டகத்தின் அடிப்படைத் தத்துவம் இதுவே. சீனாய் மலையடிவாரத்துப் புனித கத்தரீன் மடாலயத்தில் 6 ஆம் நூற்றாண்டுச் சட்டகங்கள் இன்றும் கூரையைத் தாங்கி நிற்கின்றன.

எனினும், உத்தரமாகத்தக்க நீண்ட மரம் கிடையாவிடத்துச் செய்வது யாது? 14 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் இவ்வினா எழுந்தது. இரண்டாம் வில்லியம் மன்னன் 1097 இல் கட்டத் தொடங்கிய வெஸ்ற்மின்ஸ்ரர் மண்டபம் ஏறத்தாழ 73 மீற்றர் நீளமும் 21 மீற்றர் அகலமும் கொண்டது. 1393 இல் இரண்டாம் றிச்சட் மன்னன் அதற்குப் புதுக்கூரை அமைக்க முற்பட்டான். தச்சன் ஹியூ ஹேர்லன்ட், சுவர்களிலிருந்து உள்நோக்கி நீளும் குறு உத்தரங்களை அமைத்து, அவற்றின் முனைகளிற் கம்பங்களை நிறுத்தி, அனைத்தையும் பெரும் மரவளைவுகளோடு பிணைத்தான். இடைத்தூண் எதுவுமின்றி மண்டபம் மூடப்பட்டது. 1399 இல் றிச்சட் முடியிழந்தபோது அதனை ஏற்ற பேரவை கூடியதும் இம்மண்டபத்திலேயே. மன்னன் வீழ்ந்தான், கூரை நிலைத்தது.

சட்டகத்தின் உறுப்புகளிற் செயற்படும் விசைகளைக் கணிக்கும் முறையை அமெரிக்கப் பொறியியலாளர் ஸ்குவயர் விப்பிள் 1847 இலேயே நூலாக வெளியிட்டார். ஹேர்லன்டுக்கு அத்தகைய கணிதம் கிட்டவில்லை. ஆனால், கணிதம் கைவந்த பின்னரும் அவனது கூரை எளிதில் விளங்கிவிடவில்லை. பாரத்தைப் பெரிதும் தாங்குவது வளைவா, குறு உத்தரமா என்பது பற்றி 20 ஆம் நூற்றாண்டிலும் விவாதம் தொடர்ந்தது. 1967 இல் ஜாக் ஹேமனும், 1987 இல் லின் கோட்னி, றொபேட் மார்க் ஆகியோரும் இதனை ஆராய்ந்தனர்.

இவ்வாய்வுக்கு மற்றுமொரு தடையும் உண்டு. வண்டுகள் மரங்களை உள்ளீடின்றி அரித்திருந்தமை 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கண்டறியப்பட்டது. பிராங் பெயின்ஸ் என்பாரின் பொறுப்பில், கண்ணுக்குப் புலப்படாவண்ணம் உருக்குச் சட்டங்கள் பொருத்தப்பட்டன. கூரையைக் காத்த அதே பணி, அதன் சான்றினையும் ஓரளவு மறைத்துவிட்டது. தனி மரமாக நின்று அது பாரத்தைப் பகிர்ந்த வகையை இன்றைய கூரையிடம் நேரடியாகக் கேட்டறிய இயலாது.

1941 மே மாதக் குண்டுவீச்சின்போது மண்டபமும் அருகிலிருந்த மக்கள் சபைக் கூடமும் தீப்பற்றின. இரண்டையும் காத்தல் அரிதெனக் கண்ட நிலையில் மண்டபத்துக்கே முதலிடம் அளிக்கப்பட்டது, சபைக்கூடம் எரிந்தழிந்தது. கூடத்தை மீண்டும் கட்டலாம். 1950 இல் அது கட்டி முடிக்கப்பட்டது. ஹேர்லன்டின் கூரையையோ அவ்வாறு மீட்டிருத்தல் இயலாது.

சூத்திரமாக எழுதப்படாத அறிவு அறிவாகாது எனக் கருதுவோர்க்கு இக்கூரை தக்க மறுமொழியாகும். தச்சனின் அறிவு ஏட்டில் அன்று, மூட்டுகளில் எழுதப்பட்டது. மூட்டு அழியின் அவ்வறிவும் அழியும். பழங்கட்டடங்களைப் பேணுதல் அழகுணர்ச்சியின் பாற்பட்டது மட்டுமன்று. அது வரலாற்று மூலங்களைப் பேணுதலுமாகும்.