என்ன வேலை பார்த்தீர்கள்?

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால் ஆந்திர எல்லைக்குச் சற்று முன் வருவது கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. பழைய இரும்பை மின் உலையில் உருக்கிக் கட்டடக் கம்பியாக வார்க்கும் ஆலைகள் இங்கே பல. உருகிய இரும்புக்கு உறுதி சேர்ப்பது மாங்கனீசு. வெல்டிங் ராடிலும் அது உண்டு. இந்த ஆலைகள் உள்ள திருவள்ளூர் மாவட்டத்தில் பார்க்கின்சன் நோய் எனும் நடுக்குவாதத்தைப் பற்றிப் பேசும்போது இந்த உலோகத்தை ஒதுக்கிவிட முடியாது.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை விவரித்தது 1817இல். இருபது ஆண்டு கழித்து, 1837இல், கிளாஸ்கோவின் ஜான் கூப்பர் வேறொன்றைப் பதிவு செய்தார். மாங்கனீசுத் தாது அரைத்த தொழிலாளர்களுக்குக் கால் தளர்ந்தது, குரல் தேய்ந்தது, முகத்தில் உணர்ச்சி மறைந்தது.

பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் வேறு. பார்க்கின்சன் நோயில் டோபமைன் சுரக்கும் மூளைச் செல்கள் அழிகின்றன. பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். சும்மா மடியில் கிடக்கும் கை நடுங்கும், சட்டைப் பொத்தான் போட நேரமாகும், கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகும். இவற்றுக்குப் பல ஆண்டுகள் முன்பே மோப்பம் குறைந்திருக்கலாம். மாங்கனீசு நஞ்சோ மூளையின் வேறொரு பகுதியில் படிகிறது. நடுக்கம் குறைவு, நுனிக்காலில் நடப்பதும் பின்பக்கமாகச் சாய்ந்து விழுவதும் அதிகம்.

காபி டம்ளரைத் தூக்கும்போது மட்டும் இரு கையும் நடுங்கினால், அது பெரும்பாலும் குடும்பவழி வரும் நடுக்கம். தலைசுற்றலுக்குத் தரும் ஃப்ளூனரிசின், வயிற்று உப்புசத்துக்கு மாதக்கணக்கில் விழுங்கும் லெவோசல்பிரைடு போன்ற மாத்திரைகளும் நடுக்குவாதம் போலவே காட்டும். மருத்துவர் சொல்லி அவற்றை நிறுத்தினால் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். ஆகவே பழைய மருந்துச் சீட்டுகள் அத்தனையும் மருத்துவர் கண்ணில் பட வேண்டும்.

சிகிச்சையின் கதையில் சென்னைக்கும் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் 1937இல் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதை வாய்வழி மருந்தாகப் படிப்படியாக அளவு கூட்டித் தந்து பலன் காட்டியவர் அமெரிக்காவின் ஜார்ஜ் கோட்சியாஸ், ஆண்டு 1967. சிலி நாட்டு மாங்கனீசுச் சுரங்கத் தொழிலாளர்களை ஆராய்ந்தவரும் அவரே. ஆனால் பார்க்கின்சன் நோயாளிகளை எழுந்து நடக்கவைத்த அந்த மருந்து, மாங்கனீசு நஞ்சேறியவர்களில் பெரும்பாலோருக்கு நிலைத்த பலன் தருவதில்லை. மாங்கனீசுப் புகையை விட்டு விலகிய பிறகும் சிலருக்கு நோய் முற்றுகிறது. அதனால்தான் உலைவாயிலேயே புகையை உறிஞ்சி வெளியேற்றுவது எந்த மாத்திரையையும்விட முக்கியமாகிறது.

வெல்டிங் செய்பவர் எல்லாருக்கும் இது வரும் என்று அஞ்ச வேண்டாம். நடுக்குவாதம் கண்டவர்களில் பெரும்பாலோர் ஆலை வாசலை மிதிக்காதவர்கள். ஆனாலும் 1948 தொழிற்சாலைச் சட்டம் மாங்கனீசு நஞ்சை, அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. அந்தக் கடமை நிர்வாகத்துக்கும் உண்டு, மருத்துவருக்கும் உண்டு. அறிவிப்பதற்கு முதலில் கண்டுபிடிக்க வேண்டுமே! சிப்காட் உலைகளில் பீகார், ஒடிசா இளைஞர்கள் ஏராளம். அறிகுறி தலைகாட்டும் வேளையில் அவர்கள் சொந்த ஊர் திரும்பியிருக்கக்கூடும். அங்குள்ள மருத்துவருக்கு இந்த உலையைப் பற்றி எதுவும் தெரியாது. எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டு வேலை என்பதை இஎஸ்ஐ மருத்துவக் குறிப்பில் எழுதி, அதன் நகலைத் தொழிலாளியின் கையில் கொடுத்தனுப்ப ஒரு தாள் போதும்.