ஈயப் பாதையில் ரவாங்

ரவாங் என்றதும் இன்று நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது வாகன நெரிசலும் புதிய வீடமைப்புப் பகுதிகளும்தாம். கோலாலம்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூர், தலைநகரில் வேலை செய்வோர் இரவில் வந்து உறங்கும் ஊராகிவிட்டது. இங்குள்ள மாணவரிடம் "உன் ஊரின் வரலாறு என்ன?" என்று கேட்டால், "எங்கள் ஊருக்கு வரலாறு ஒன்றும் இல்லை ஐயா" என்றே பெரும்பாலும் விடை வரும். 1786-இல் பினாங்கில் கால்வைத்த பிரான்சிஸ் லைட்டை அவர்கள் அறிவர். தாம் நாள்தோறும் கடந்துசெல்லும் சாலையில் நடந்தவற்றை அறியார். குறை மாணவரிடத்தில் இல்லை. சொல்லிக்கொடுக்க வேண்டிய நம்மிடத்தில்தான் உள்ளது.

'ரவாங்' என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சதுப்பு நிலம், சேற்றுப் பாங்கான இடம் என்று பொருள். பெயரே நிலத்தைச் சொல்லிவிடுகிறது. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடரின் அடிவாரக் காடு. மேற்கே கடலை நோக்கிச் சரியும் தாழ்நிலம். மலையில் பெய்யும் மழை ஓடைகளாய் இறங்கி, சரிவு குறையும் இடத்தில் தேங்கிச் சேறாகிறது. அந்த நீரோட்டம் கருங்கல் மலைகளிலிருந்து அரித்துக் கொணர்ந்த ஈயமணல், கனமாக இருப்பதால் விரைவாக அடியில் படிந்துவிடுகிறது. சதுப்பு இருந்த இடத்தில் ஈயமும் இருந்ததற்கு இதுவே காரணம். ஈயம் இருந்ததால் மனிதர் வந்தனர்.

ஆசிரியர்கள் நிலப்படத்தை விரித்து ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். ரவாங்கின் ஆறுகள் கிள்ளான் ஆற்றில் சேர்வதில்லை. அவை வடமேற்காக ஓடி, கோலசிலாங்கூரில் கடலை அடையும் சிலாங்கூர் ஆற்றில் கலக்கின்றன. கோலாலம்பூரோ கிள்ளான் ஆற்றுப் படுகையில் உள்ளது. இரண்டு படுகைகளுக்கும் இடையில் உள்ள மேட்டுப் பகுதியே காஞ்சிங் கணவாய். ஆகவே, நீர்வழியால் கோலசிலாங்கூரைச் சார்ந்திருந்த ரவாங், நிலவழியால் கோலாலம்பூரைச் சார்ந்திருந்தது. இந்த இரட்டைச் சார்பை விளங்கிக்கொண்டால் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிலாங்கூர் வரலாற்றில் பாதி விளங்கிவிடும்.

கோலாலம்பூரிலிருந்து காஞ்சிங், ரவாங், செரண்டா வழியாகக் கோலகுபு வரை சென்ற காட்டுத் தடத்தை ஈயப் பாதை எனலாம். கோலகுபுவுக்கு அப்பால் அது மலைத்தொடரைக் கடந்து பகாங்கின் ரவூப் தங்க வயல்களை எட்டியது. தொடக்கத்தில் அது சாலையன்று. ஆள் நடந்து தேய்ந்த ஒற்றையடித் தடம். ஒவ்வோர் ஈய வயலும் ஒரு தங்கிடம். அரிசி, அபின், எண்ணெய், கருவிகள் மேலே போகும். உருக்கிய ஈயப் பாளங்கள் கீழே வரும். காடு எல்லாத் திசையிலும் சூழ்ந்திருக்க, ஆட்சியின் கை எட்டாத எல்லைக் குடியிருப்பாகத்தான் ரவாங் தன் வாழ்வைத் தொடங்கியது.

அத்தகைய இடத்தில் சண்டை மூள்வதற்கு அதிகக் காரணம் தேவையில்லை. ஆற்று முகத்துவாரத்தைக் கையில் வைத்திருப்பவர் ஈயத்திற்கு வரி வாங்கலாம். கிள்ளானில் அந்த வரியுரிமை குறித்துத் தொடங்கிய பூசலே 1867 முதல் 1874 வரை நீடித்த சிலாங்கூர் உள்நாட்டுப் போர். ஒருபுறம் ராஜா மஹாடி, சையத் மஷோர் முதலியோர். மறுபுறம் சுல்தான் அப்துல் சமாத்தின் மருமகனான தெங்கு கூடின். சீனச் சுரங்கத் தொழிலாளரும் இரண்டாகப் பிரிந்தனர். கோலாலம்பூரின் சீனர் தலைவரான காப்பித்தான் யாப் ஆ லோய், தெங்கு கூடின் பக்கம் நின்றார். காஞ்சிங் வயல்களில் இருந்த சோங் சோங் எதிரணியைச் சேர்ந்தார். 1870-இன் தொடக்கத்தில் யாப் ஆ லோயின் நண்பர் யாப் ஆ சே காஞ்சிங்கில் கொலையுண்டதும் பகை முற்றிற்று. ரவாங்கும் போர்க்களமாயிற்று. 1872-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு மீட்கப்பட்டது. பாடநூலில் அரசர்களின் பூசலாகவே இப்போர் படிக்கப்படுகிறது. மண்ணில் இருந்து பார்த்தால், மழையில் நனைந்த ஒரு தடத்தை யார் காவல் காப்பது என்பதற்காகச் செத்தவர்களே மிகுதி.

போர் முடிந்தது. 1874-இல் பிரித்தானியத் தலையீடு தொடங்கியது. 1875-இல் சிலாங்கூரின் முதல் ரெசிடெண்டாக டேவிட்சன் வந்தார். சிங்கப்பூரில் வழக்கறிஞராக இருந்த அவர், தம் அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய தமிழ் இளைஞர் ஒருவரையும் உடன் அழைத்து வந்தார். 1850-இல் சிங்கப்பூரில் பிறந்து, ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தில் பயின்ற தம்புசாமி பிள்ளையே அவர்.

தம்புசாமி பிள்ளையை நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோம்? கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தை நிறுவியவர். பத்துமலையில் முருகன் வழிபாட்டுக்கு வழிவகுத்தவர். 1892 முதல் அங்குத் தைப்பூசம் நடக்கக் காரணமானவர். இவை எல்லாம் உண்மையே. ஆயினும், இந்த ஒரு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நாம் நழுவவிட்டோம் என்பது என் கருத்து. அவர் மாநிலக் கருவூலத்தின் பொறுப்பைத் தற்காலிகமாகப் பலமுறை ஏற்றவர். 1893-இல் தோன்றிய விக்டோரியா கல்விக்கூடத்தை நிறுவியோருள் ஒருவர். அரசுப் பணியை விட்டபின் ஈயச் சுரங்கத் தொழிலில் இறங்கியவர். அத்தொழில்தான் அவரை ரவாங்குடன் இணைத்தது.

ஈயக் குழியின் பெரும்பகை தண்ணீர். சதுப்பு நிலத்தில் குழி தோண்டினால் சில அடியிலேயே ஊற்று பீறிடும். பழைய சீனச் சுரங்கங்களில் மரத்தாலான சங்கிலிச் சக்கரம் நீரை இறைத்தது. அதனைச் சுழற்ற ஓடும் நீர் வேண்டும். வறட்சி வந்தால் சக்கரம் நின்றுவிடும். பின்னர் வந்த நீராவி எந்திரம் மழையையும் வெயிலையும் பாராமல் உழைத்தது. ஆனால் அது விறகைத் தின்றது. சுரங்கங்களைச் சுற்றியுள்ள காடு வெட்டப்பட வெட்டப்பட, விறகு தொலைவிலிருந்து வரவேண்டியதாயிற்று, விலையும் ஏறிற்று. மின்சாரத்திற்கு இந்தத் தளை இல்லை. ஆற்றலை ஓரிடத்தில் உண்டாக்கிக் கம்பி வழியே குழியின் விளிம்பு வரைக்கும் கொண்டுசெல்லலாம்.

1894-இல் லோக் இயூ, தம்புசாமி பிள்ளை ஆகிய இருவரும் ரவாங்கில் இருந்த தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி ஒன்றை நிறுவி, மின்சாரத்தால் நீரிறைக்கும் எந்திரத்தை இயக்கினர். மலாயாவில் மின்சாரத்தின் வரலாறு இங்கிருந்துதான் தொடங்குவதாகக் கூறப்படுகிறது. லோக் இயூ சீனாவின் குவாங்டோங்கிலிருந்து சிறுவனாக வந்து, கடைச் சிப்பந்தியாகத் தொடங்கிப் பெருஞ்செல்வரானவர். ஒரு சீனரும் ஒரு தமிழரும் கூட்டாக முதலிட்டுச் செய்த துணிச்சல் இது. ஒற்றுமையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும்போது நாம் மாணவர்க்குக் கற்பனை எடுத்துக்காட்டுகளைத் தருகிறோம். கையருகே உண்மையே இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். "ஆசியாவிலேயே முதன்முதலில் மின்சாரம் கண்ட ஊர் ரவாங்" என்று சிலர் மேடையில் முழங்குவதைக் கேட்டிருக்கிறேன். அது தவறு. டோக்கியோவிலும் ஷாங்காயிலும் கல்கத்தாவிலும் அதற்கு முன்பே மின்விளக்கு எரிந்தது. மலாயாவில் முன்னோடி என்பதே போதிய பெருமை. அதை ஊதிப் பெருக்கினால், பிள்ளைகள் பின்னாளில் உண்மை அறியும்போது நாம் சொன்ன மற்றவற்றையும் ஐயுறுவர். அந்த மின்சாரம் முதலில் வந்தது மக்களின் வீட்டுக்கன்று, முதலாளிகளின் குழிக்கு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மலைத்தொடருக்கு அப்பால் 1900-இல் செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் எழுந்ததும் ரவூப் தங்கச் சுரங்கத்திற்காகவே. ஈயப் பாதையின் ஒரு முனையிலும் மறு முனையிலும் மின்சாரத்தைக் கொண்டுவந்தவை சுரங்கங்களே.

இதற்கிடையில் தடம் சாலையாயிற்று. சாலையை ஒட்டி இரும்புப் பாதையும் வந்தது. கோலாலம்பூர்–கிள்ளான் இரயில் 1886-இல் ஓடத் தொடங்கியது. வடக்கு நோக்கிய கிளை 1892-இல் ரவாங்கையும் 1894-இல் கோலகுபுவையும் அடைந்தது. தமிழர் பெருமளவில் இத்தடத்துக்கு வந்தது இப்போதுதான். சுரங்கத்தில் சீனர் உழைத்தனர். காட்டை வெட்டி, மண்ணைக் கொட்டி, கட்டையடுக்கித் தண்டவாளம் பதித்தவர்களில் தென்னிந்தியத் தொழிலாளரே மிகுதி. நிலையங்களில் எழுத்தராகவும் நிலைய அதிகாரியாகவும் யாழ்ப்பாணத் தமிழர் அமர்ந்தனர். லோக் இயூவின் பெயரில் கோலாலம்பூரில் சாலை உண்டு. தம்புசாமியின் பெயரிலும் உண்டு. கட்டையடுக்கியவர் பெயரில் ஒரு சந்தும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் பால்மரம் வந்தது. ரவாங்கைச் சுற்றித் தோட்டங்கள் எழுந்தன. கங்காணியும் லயமும் மாரியம்மன் கோயிலும் தோட்டப் பள்ளியும் வந்தன. அருகே பத்து ஆராங்கில் 1915 முதல் நிலக்கரி வெட்டப்பட்டது. 1960-இல் அச்சுரங்கம் மூடப்பட்டது. 1942 சனவரியில் ஜப்பானியப் படை இதே சாலை வழியாக இறங்கி, 11-ஆம் நாள் கோலாலம்பூருக்குள் நுழைந்தது. அவசரகாலத்தில் 1951 அக்டோபர் 6 அன்று, கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் வழியில் உயர் ஆணையர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். 1953-இல் ரவாங்கில் சிமெந்துத் தொழிற்சாலை தொடங்கிற்று.

பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வீடமைப்புப் பகுதிகள் புதுப்பெயர் சூடின. பெற்றோர்களே, உங்களுள் பலர் அந்த லயங்களில் பிறந்தவர்களின் பிள்ளைகள். எந்தப் பிரிவில் பிரட்டுக் களம் இருந்தது, கோயில் எங்கே இருந்தது, பள்ளிக்கு எந்த வழியாக நடந்தனர் என்பதை வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்டு, ஒரு படம் வரைந்து வையுங்கள். அரசுப் பதிவேட்டில் தோட்டத்தின் பரப்பளவு இருக்கலாம்; இவை இரா.

இப்பாதையில் எல்லா ஊரும் தப்பிப் பிழைக்கவில்லை. கோலகுபுவில் 1883-இல் பழைய அணை உடைந்து ஊரையே வாரிக்கொண்டு போயிற்று. மாவட்ட அதிகாரி ரேங்கிங்கும் மாண்டார். பின்னரும் சுரங்கக் கழிமண் ஆற்றைத் தூர்த்ததால் அடிக்கடி வெள்ளம் வந்து, 1930-களில் ஊரையே மேட்டு நிலத்துக்கு மாற்றிக் கோலகுபு பாரு எனப் பெயரிட நேர்ந்தது. ரவாங் இடம் மாறவில்லை. கைவிடப்பட்ட ஈயக் குழிகள் குளங்களாயின. அவற்றில் சில இன்னும் நீர் நிறைந்து கிடக்கின்றன. 1995-இல் கொமுட்டர் மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியபோது அதன் வடமுனை ரவாங்காகவே இருந்தது.

மாணவரை அழைத்துச் செல்ல எண்ணும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். காஞ்சிங் அருவிக்கும் டெம்பளர் வனப்பூங்காவுக்கும் பிள்ளைகள் குளிக்கவே செல்கின்றனர். அங்கிருந்து பார்த்தால் புக்கிட் தக்குன் என்னும் சுண்ணாம்புக் குன்று செங்குத்தாய் நிற்பது தெரியும். காஞ்சிங் காட்டில் கியாம் காஞ்சிங் என்றொரு மரம் உண்டு. உலகில் வேறெங்கும் அது இயற்கையாய் வளர்வதில்லை. 2017 நவம்பரில் திறக்கப்பட்ட ரவாங் மாற்றுச்சாலையின் ஒரு பகுதியைத் தரையில் போடாமல், 58 மீட்டர் உயரம் வரைக்கும் தூண்களை எழுப்பிக் காட்டுக்கு மேலே கொண்டுசென்றதற்கு இம்மரமும் ஒரு காரணம். அப்பாலத்தின் மேல் போகும் வண்டியிலிருந்து கீழே பார்த்தால், யாப் ஆ லோயின் ஆட்களும் சோங் சோங்கின் ஆட்களும் ஒருவரையொருவர் தேடி அலைந்த காஞ்சிங் கணவாய், மர உச்சிகளுக்குக் கீழே மறைந்து கிடக்கிறது.