தாழ்ப்பாள் யார் கையில்?

பட்டினியைக் கண்டால், "எல்லாம் தலையெழுத்து" என்பார் பலர். எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதினார், யாருடைய நலனுக்காக எழுதினார் என்று கேட்பாரில்லை. நாம் கேட்போம். விடை கிடைக்கும் நாடு ஒன்றுண்டு. அதன் பெயர் ஹைட்டி.

கரீபியக் கடலிலே, அடிமைகள் விலங்கொடித்து அமைத்த குடியரசு அது. 1804இல் பிரெஞ்சு ஆதிக்கத்தை விரட்டியது. 1825இல் பிரான்சு போர்க்கப்பல்களை அனுப்பி, இழந்த தோட்டங்களுக்கும் இழந்த அடிமைகளுக்கும் ஈடாக 15 கோடி பிராங்கு கேட்டது. பின்னர்த் தொகை குறைக்கப்பட்டது. எனினும் அதற்காக வாங்கிய கடன் தீர 1947 ஆயிற்று. அடிமைப்பட்டவன், ஆண்டானுக்கு இழப்பீடு கட்டினான்!

அந்த வறுமையிலும் ஆர்த்திபோனித் ஆற்றுவெளியில் நெல் விளைந்தது. 1980களின் தொடக்கத்தில், உண்ணும் அரிசியில் பெரும்பங்கை அந்நாட்டு உழவனே விளைத்தான். 1986இல் துவாலியே குடும்பத்தின் கொடுங்கோல் வீழ்ந்தது; அதன்பின் சுங்கவரிகள் தளர்ந்தன. 1995இல், பன்னாட்டு நாணய நிதியமும் அமெரிக்க அரசும் நெருக்கிட, அரிசிமீதான வரி 3 விழுக்காடாயிற்று. தடையற்ற வணிகம் மலிவான சோறு தரும் என்றனர்.

மலிவு வந்தது உண்மை. நகரத்து ஏழை சிலகாலம் பயன்பெற்றதும் உண்மை. ஆனால் வந்தது, அமெரிக்க அரசின் மானியத்தில் விளைந்த அரிசி. ஒருபுறம் கருவூலத்தின் துணைபெற்ற இயந்திரம். மறுபுறம் மண்வெட்டி ஏந்திய மனிதன். இருவரையும் ஒரே சந்தையில் நிறுத்திப் போட்டியிடச் சொல்வது சமத்துவமா? உழவன் வயலைத் துறந்தான். ஐந்தில் நான்கு பங்கு அரிசி கப்பலில் வரும் நிலை ஏற்பட்டது.

2008இல் உலகச் சந்தையில் அரிசி விலை பாய்ந்தது. இந்தியா, வியட்நாம் போன்ற நாடுகள் ஏற்றுமதியை மறித்தன. ஹைட்டியிலே வாங்கப் பணமில்லை. விளைத்துத் தரப் போதிய உழவரில்லை. ஏப்ரலில் தெருக்களில் கலவரம் மூண்டது. தலைமை அமைச்சர் பதவியிழந்தார்.

2010 மார்ச்சில், முன்னாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பில் கிளிண்டன், அக்கொள்கை தவறு என்று செனட் குழுவின்முன் ஒப்புக்கொண்டார். தம் ஆர்க்கன்சாஸ் மாநில உழவர் சிலருக்கு அது நன்மை தந்திருக்கலாம், ஹைட்டிக்குப் பயன்படவில்லை என்றார். தலையெழுத்தை எழுதியவருள் ஒருவரே, தம் கையெழுத்தை அடையாளம் காட்டிவிட்டார்!

எல்லையை அடைத்திடுக என்பதல்ல நம் வாதம். விளைச்சல் பொய்த்த நாட்டுக்கு வணிகமே சோறிடும். 2008இல் ஏற்றுமதிக் கதவுகள் அடைபட்டதும் துயர் பெருகிற்றன்றோ! வீட்டுக்குக் கதவு வேண்டும். அதன் தாழ்ப்பாள் வீட்டுக்காரன் கையில் இருக்கவேண்டும்.

பசி, விதி அன்று. வரிச்சட்டத்தின் ஒரு வரி. மனிதன் எழுதியதை மனிதன் திருத்தலாம். திருத்துவோம்!