துப்பாக்கிக் குழல் இடும் கையொப்பம்

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த வெஸ்ட் ஷெல்பி என்னும் சிற்றூரில், 1915-ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதிய விவசாயி ஒருவரும் அவர் வீட்டைக் கவனித்துவந்த பெண்ணும் சுட்டுக் கொல்லப்பட்டனர். சார்லஸ் ஸ்டீலோ என்ற பண்ணையாள் கைதானார். அவரிடம் ஒரு ரிவால்வர் இருந்தது; உடல்களில் கிடைத்த குண்டுகளும் அதற்குப் பொருந்தும் அளவுடையவையே. அந்த ரிவால்வரின் கீறல்கள் குண்டுகளில் பதிந்திருப்பதாக, தம்மை நிபுணர் என்று கூறிக்கொண்ட ஒருவர் சாட்சி சொன்னார். எழுத்தறிவில்லாத ஸ்டீலோவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

அந்தச் சாட்சியத்தை எவ்வாறு சோதிப்பது? இதற்குத் துப்பாக்கி செய்யப்படும் முறையை அறிதல் வேண்டும்.

சுழலும் பம்பரம் சாயாமல் நிற்கிறது அல்லவா? அதுபோலவே சுழன்று செல்லும் குண்டும் தடுமாறாமல் பாய்கிறது. இதற்காகக் குழலின் உட்புறத்தில் திருகு வடிவில் பள்ளங்கள் வெட்டப்படுகின்றன. இவற்றை வரிப்பள்ளங்கள் என்பர். இவற்றின் எண்ணிக்கை, அகலம், சுழலும் திசை ஆகியவை தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறும். கோல்ட் நிறுவனத்தின் ரிவால்வர்களில் பொதுவாக ஆறு பள்ளங்கள் இடப்பக்கம் சுழல்கின்றன. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களில் ஐந்து பள்ளங்கள் வலப்பக்கம் சுழல்கின்றன.

இது குடும்ப அடையாளம் மட்டுமே. தனி அடையாளம் வேறு. பள்ளம் வெட்டும் உளி ஒவ்வொரு குழலிலும் சிறிது தேய்கிறது. உலோகத் துணுக்குகளும் சுவரைக் கீறுகின்றன. ஆகவே, அடுத்தடுத்துச் செய்த இரு குழல்களிலும் நுண்ணிய கீறல்கள் வேறுபடும். வெளியேறும் குண்டில் அவை கையொப்பம்போல் பதிகின்றன.

ஸ்டீலோவின் தண்டனை கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டு, வழக்கு மீண்டும் ஆராயப்பட்டது. பாஷ் அண்ட் லோம்ப் ஒளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த மேக்ஸ் போசர், ஸ்டீலோவின் ரிவால்வரில் சுட்ட குண்டுகளையும் கொலைக் குண்டுகளையும் நுண்ணோக்கியில் பார்த்தார். முன்பு நிபுணர் கூறிய கீறல்களைக் காணோம்! வரிப்பள்ள அமைப்பும் பொருந்தவில்லை. 1918-இல் ஸ்டீலோ விடுதலையானார்.

அந்த ஆய்வில் பங்குகொண்ட சார்லஸ் வெய்ட், பின்னர் துப்பாக்கி நிறுவனங்களை அணுகி அவற்றின் வரிப்பள்ள அளவுகளைத் திரட்டினார். 1925-இல் அவரும் கால்வின் காடர்டு முதலியோரும் நியூயார்க்கில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினர். அங்கு பிலிப் கிராவெல் ஒப்பு நுண்ணோக்கியைப் பயன்படுத்தினார். இதில் இரு குண்டுகளை ஒரே பார்வையில் அருகருகே காணலாம்.

1929 பிப்ரவரி 14-இல் சிக்காகோவில் எழுவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலையாளிகளுள் சிலர் போலீஸ் உடையில் வந்ததால், போலீசார்மீதே ஐயம் எழுந்தது. காடர்டு போலீசாரின் தாம்சன் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்தார், எதுவும் பொருந்தவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் மிச்சிகனில் ஒரு குற்றவாளியின் வீட்டில் கிடைத்த இரு தாம்சன் துப்பாக்கிகள் பொருந்தின.

எனினும் கீறல்கள் தாமாகப் பேசுவதில்லை. மனிதரே அவற்றைப் படிக்கிறார். பொருத்தம் என்ற முடிவு ஆய்வாளரின் சொந்தக் கணிப்பையே பெரிதும் சார்ந்துள்ளது என்றும், அதில் பிழை நேரும் அளவை அறிய மேலும் ஆராய்ச்சி தேவை என்றும் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் 2009-ஆம் ஆண்டு அறிக்கை எச்சரித்தது. ஸ்டீலோவைச் சாவின் வாயிலுக்கு அனுப்பியதும் ஒரு நிபுணரின் சொல்லே. அவரை மீட்டது, அந்தச் சொல்லைப் பிறர் மீண்டும் சோதித்துப் பார்த்த முறையே.