கட்டட ஆற்றல் தரவும் நகர உமிழ்வுக் கணக்கும்

ஒரு நகரின் வீடுகள், கடைகள், அலுவலகங்கள் செலவிடும் மின்சாரம், எரிவாயு, டீசல் அளவுகளைத் திரட்டி, அவற்றால் வெளியாகும் பசுங்குடில் வளிமங்களை மதிப்பிடும் முறை. மின் அலகுகளை மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் உமிழ்வுக் காரணியால் பெருக்குவர். அனல்மின் நிலையம் வெளியூரில் இருந்தாலும், நுகரும் நகரின் பெயரிலேயே கணக்கு ஏறும். 2023இல் சென்னை மாநகராட்சி வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டம் நகரின் ஆண்டு உமிழ்வைச் சுமார் 1.44 கோடி டன் என மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு கட்டடங்களும் தொழிலகங்களும் சேர்ந்த ஆற்றல் பிரிவினுடையது.

தமிழ்நாட்டில் வீட்டு மீட்டரை இரு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்துவந்ததால் கோடை நுகர்வின் உச்சம் இந்தத் தரவில் மங்கியே தெரியும். அதைவிடப் பெரிய ஓட்டை, மின் பட்டியலில் வராத ஜெனரேட்டர் டீசல்.