மகேந்திரலால் சர்க்காரும் ஓமியோபதிச் சான்று விவாதமும்

முன்னுரை

ஓமியோபதி மருத்துவத்திற்கு அறிவியல் சான்று உண்டா என்னும் வினா இந்தியாவில் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுப்பப்பட்டு வருகிறது. அவ்விவாதத்தின் தொடக்கக் காலத்தில் முதன்மை பெறுபவர் கல்கத்தா மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் (1833-1904) ஆவார். அவர் அடைந்த புறக்கணிப்பையும் இன்றைய அறிவியலாளரின் மறுப்பையும் ஒன்றெனக் கொள்வோர் உளர். அவ்விரண்டும் வேறு வேறானவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சர்க்காரின் மனமாற்றம்

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று 1863-இல் எம்.டி. பட்டம் பெற்ற சர்க்கார், அவ்வாண்டில் தோன்றிய பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் வங்காளக் கிளையில் ஓமியோபதியைக் கண்டித்தே உரையாற்றினார். பின்னர் அம்முறை குறித்த நூலொன்றுக்கு மதிப்புரை எழுத நேர்ந்தது. சிகிச்சையைக் காணாமல் தீர்ப்புரைத்தல் முறையன்று எனக் கருதிய அவர், ராஜேந்திரலால் தத்தர் நோயாளிகளுக்கு மருந்தளித்ததை நேரில் கவனித்தார். அவருடைய கருத்து மாறியது. 1867 பிப்ரவரி 16 அன்று அதே சங்கத்தின் கூட்டத்தில் அம்மாற்றத்தை வெளிப்படையாக அறிவித்தார். விளைவு, உடன்தொழில் புரிவோர் அவரை விலக்கினர். அவர் கூறியதைச் சோதித்தறிய எவரும் முன்வரவில்லை. 1868-இல் அவர் தமக்கென மருத்துவ இதழ் ஒன்றைத் தொடங்கினார்.

சான்றின் இயல்பு

சர்க்காரிடம் இருந்த சான்று தனி நோயாளிகள் குணமுற்ற காட்சியே. அக்கால ஐரோப்பிய மருத்துவத்தில் குருதி வடித்தலும் பாதரச மருந்துகளும் வழக்கில் இருந்தன. அவற்றால் விளையும் தீங்கு இல்லாத நிலையே நோயாளிக்கு நன்மையாக அமைந்திருக்கக்கூடும். தானே தணியும் நோய்களையும் மருந்தால் தணிந்தவற்றையும் பிரித்தறியும் ஒப்பீட்டு முறை அன்று வேரூன்றவில்லை. எனவே அவர் கண்டது பொய்யன்று. கண்டதிலிருந்து பெற்ற முடிவே உறுதியற்றது.

இருபதாம் நூற்றாண்டில் அம்முறை வளர்ந்தது. நூற்றில் ஒரு பங்காக 30 முறை நீர்த்த மருந்தில் மூலப்பொருளின் மூலக்கூறு ஒன்றேனும் எஞ்ச ஏறத்தாழ வாய்ப்பில்லை என்பது அவகாதரோ எண்ணால் பெறப்படும். 2005-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஆய்வு, 110 ஓமியோபதிச் சோதனைகளை 110 பொதுமருத்துவச் சோதனைகளோடு ஒப்பிட்டது. அளவிலும் தரத்திலும் மேம்பட்ட சோதனைகளை மட்டும் நோக்கியபோது, ஓமியோபதியின் பயன் வெற்று மருந்தின் பயனிலிருந்து வேறுபடுவதற்கான சான்று மிக நலிந்தே இருந்தது. அச்சோதனைகள் தேர்ந்தெடுக்கப்பட்ட முறையை ஓமியோபதியர் மறுத்துரைத்தனர். எனினும் 2015-இல் ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வுக் குழுவும் நம்பத்தக்க சான்று இல்லை என்றே முடிவு கூறியது.

முடிவுரை

1867-இல் நிகழ்ந்தது சோதிக்க மறுத்தல். 2005-இல் நிகழ்ந்தது சோதித்து மறுத்தல். முன்னதைக் காட்டிப் பின்னதைத் தள்ளுதல் பொருந்தாது. இந்தியாவில் 1973-ஆம் ஆண்டுச் சட்டம் ஓமியோபதிக் கல்விக்கும் தொழிலுக்கும் ஏற்பளித்தது. சட்ட ஏற்பு வேறு, அறிவியல் சான்று வேறு என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

சர்க்கார் 1876-இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன் 1928-இல் தம் ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பை நிகழ்த்தியது அக்கழகத்தில்தான். தம் நம்பிக்கையையும் சோதனைக்கு உட்படுத்தவல்ல ஆய்வு மரபு இந்நாட்டில் வளர வழிவகுத்ததே சர்க்காரின் நிலைத்த பங்களிப்பு எனலாம்.