இருபத்தாறு கிலோ சிப்பம் பிறந்த கதை

தாம்பரத்தில் ஜிஎஸ்டி என்றால் முதலில் சாலைதான். கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு என்று ஆங்கிலேயர் காலத்தில் வைத்த பெயரின் சுருக்கம். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் என்று எங்கள் ஊர்களையெல்லாம் ஒரே நூலில் கோப்பது அதுதான். 2017 ஜூலை 1ஆம் தேதி அதே மூன்றெழுத்தில் ஒரு வரியும் வந்தது. ஐந்து ஆண்டு கழித்து அந்த வரி அரிசிப் பையைத் தொட்டது. தொட்ட சில மாதத்துக்குள் இந்த வட்டாரத்து மண்டிகளில், அதுவரை யாரும் கேட்டிராத ஒரு பொருள் அடுக்கடுக்காக வந்து நின்றது: 26 கிலோ சிப்பம்.

இருபத்தாறு என்பது அரிசிக்கு ஒட்டாத எண். படியிலும் ஆழாக்கிலும் அளந்த தலைமுறை போய் கிலோ வந்த பிறகு, அரிசிக்கு 75 கிலோ மூட்டை இருந்தது. கூட்டுக் குடும்பம் இருந்த வரை அது வீட்டு மூலையில் பலகை மேல் நின்றது. குடும்பம் சிறுத்தது, வாடகை வீட்டில் மூலையும் சிறுத்தது, மூட்டை மூன்றில் ஒரு பங்காகி 25 கிலோ சிப்பமானது. ஒரு ஆள் தனியாகத் தோளில் தூக்கி இரண்டு மாடி ஏறலாம். டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன்பக்கம் காலுக்கு நடுவே ஒன்று வைக்கலாம், பின்னால் மூன்று கட்டலாம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் வரும். புழக்கத்தில் தேய்ந்து தேய்ந்து அமைந்த எடை அது. அதன்மேல் இன்னொரு கிலோவை ஏற்றி வைத்தது புழக்கம் இல்லை, சட்டத்தில் உள்ள ஒரு வரி.

முதலில் இந்த 25 சட்டத்துக்குள் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். சட்டமுறை எடையளவுப் பொட்டலப் பொருட்கள் விதிகள் என்று 2011இல் ஒரு விதித்தொகுப்பு நடப்புக்கு வந்தது. தமிழ்நாட்டில் இதைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை. கடையில் வாங்கும் பாக்கெட்டின் மேல் தயாரித்தவர் முகவரி, நிகர எடை, பாக்கெட் போட்ட மாதம், அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது அந்த விதிகள்தான். வாங்குகிறவரைக் காப்பாற்ற எழுதியவை. ஆனால் 25 கிலோவுக்கோ 25 லிட்டருக்கோ மேல் போகும் பொட்டலத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை என்று அதிலேயே ஒரு விலக்கு வைத்தார்கள். சிமென்டும் உரமும் 50 கிலோ வரை என்று தனியாகச் சொன்னார்கள். அவ்வளவு பெரிய மூட்டையை வீட்டுக்காரர் வாங்க மாட்டார், வியாபாரிதான் வாங்குவார், அவருக்கு இந்தக் காபந்து தேவையில்லை என்ற நினைப்பு அதில் இருக்கிறது. மாதச் சாமான் பட்டியலில் முதல் வரியாக 'அரிசி ஒரு மூட்டை' என்று எழுதிப் பழகிய ஊருக்கு இந்த நினைப்பு பொருந்தாது. ஆனாலும் பதினொரு ஆண்டு அந்த விலக்கு யாருக்கும் தொந்தரவில்லாமல் கிடந்தது.

வரி வந்த புதிதில் அரிசிக்கு எடை ஒரு பொருட்டாக இல்லை, பெயர்தான் பொருட்டு. 2017இல் பதிவு செய்த பிராண்ட் பெயரில் பையில் விற்ற அரிசிக்கு 5 சதவீதம், பெயரில்லாத அரிசிக்கு ஒன்றுமில்லை. உடனே சிலர் பிராண்ட் பதிவைக் கைவிட்டார்கள். சில மாதத்தில் அந்த விதியைத் திருத்தி, பதிவு இல்லாவிட்டாலும் பெயருக்கு உரிமை கொண்டாடினால் வரி என்றார்கள். உரிமை கொண்டாட மாட்டேன் என்று பையிலேயே அச்சிட்டு விற்றவர்களும் உண்டு. ஒழுங்காக வரி கட்டியவர்கள் முறையிட்டார்கள்.

2022 ஜூன் 28, 29 தேதிகளில் சண்டிகரில் கூடிய 47ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் பெயரை விட்டுவிட்டு எடையைப் பிடித்தது. முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, கோதுமை, பருப்பு, மாவு, தயிர் முதலியவற்றுக்கு 5 சதவீதம் என்றார்கள். எது பொட்டலம் என்று முடிவு செய்ய, முன்னால் சொன்ன எடையளவு விதியையே கடன் வாங்கினார்கள். அந்த விதி எட்டாத இடத்துக்கு வரியும் எட்டாது. ஆக, 25 கிலோ வரை வரி. அதைத் தாண்டினால் இல்லை.

உணவுக்கு வரி போடுவது இது முதல் முறையா என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கேட்டார். பஞ்சாப் மட்டுமே தானியத்தின் மேல் கொள்முதல் வரியாக 2,000 கோடி ரூபாய்க்கு மேல் வாங்கி வந்தது என்று கணக்கும் சொன்னார். சில்லறையாக அளந்து விற்றால் வரி இல்லை என்று பதினான்கு பொருள்களைப் பட்டியலிட்டார். அவர் சொன்ன கணக்கில் உண்மை இருக்கிறது. வரி ஏய்ப்பை அடைக்க வேண்டிய தேவையும் இருந்தது. என் வருத்தம் கோடு போட்ட இடத்தைப் பற்றியது.

2022 ஜூலை 18, திங்கட்கிழமை. வரி நடப்புக்கு வந்த நாள். கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டு பார்ப்போம். 25 கிலோ சிப்பம் 1,500 ரூபாய், வரி 75, மொத்தம் 1,575. 26 கிலோ போட்டால் 1,560, வரி கிடையாது. ஒரு கிலோ அரிசி கூட, பதினைந்து ரூபாய் குறைவு. ஆரணியில் ஆலை வைத்திருப்பவரும் மணச்சநல்லூரில் வைத்திருப்பவரும் செங்குன்றத்தில் மொத்த வியாபாரம் செய்பவரும் தனித்தனியே காகிதத்தில் போட்டுப் பார்த்தாலும் இந்த விடைதான் வரும். 30 கிலோ போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. தூக்குகிறவரின் தோளும் வாங்குகிறவரின் கையிருப்பும் சேர்ந்து 26ஐத் தேர்ந்தெடுத்தன.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் 26 கிலோ சிப்பம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளை பிளாஸ்டிக் நார் பை. முன்பெல்லாம் பையில் பெரிதாகத் தெரிவது நெற்கதிர் படமும் அரிசியின் பெயரும்தான். எடை கீழே மூலையில் சின்னதாக இருக்கும். இந்தப் பையில் 26 என்ற எண் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பில் இருந்தது. பையின் வாயை மெஷினில் தைத்த நூலுக்கு இரண்டு முனை உண்டு. சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று ஒரே இழுப்பில் மொத்தத் தையலும் பிரிந்து வரும். தவறான முனையைப் பிடித்தால் முடிச்சு இறுகி, கத்தரிக்கோல் தேட வேண்டியதுதான். அம்மா எப்போதும் சரியான முனையைப் பிடிப்பார். அன்றும் பிரித்தார். அரிசியை டிரம்மில் கொட்டினார். 25 கிலோ கொள்ளும் டிரம் அது. விளிம்பு வரை வந்து, ஒரு கிலோ பையிலேயே தங்கிவிட்டது. அதைத் தனியாக ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி வைத்தார்.

இந்தக் கதையில் எனக்கு உறுத்துவது அந்தத் தூக்கு இல்லாத வீடுகள்.

ஒரே தடவையில் ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு மேல் எடுத்து வைக்க முடிந்தவர், வண்டு வராமல் காய்ந்த இடத்தில் 26 கிலோவை வைக்க வசதியுள்ளவர், தூக்க ஆளுள்ளவர், இவர்கள் வரி கட்டுவதில்லை. தாம்பரம் சானடோரியம் பகுதியில் ஓர் அறையில் மூன்று பேராகத் தங்கி வேலைக்குப் போகும் பெண்கள் 5 கிலோ பாக்கெட் வாங்குகிறார்கள். அதே அரிசிக்கு 300 ரூபாயோடு 15 ரூபாய் வரி. மகன்கள் வெளிநாட்டில் இருக்க, சேலையூரில் தனியாக வாழும் முதியவர் 10 கிலோ வாங்கினால் 30 ரூபாய். ரேஷன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, அது இந்த மாநிலம் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் வேறு ஊரில் கார்டை வைத்துவிட்டு இங்கே பிழைக்க வந்தவர்களும், ரேஷன் அரிசியை இட்லிக்குப் போட்டுச் சோற்றுக்குப் பொன்னி வாங்குகிறவர்களும் கடைக்குத்தான் போகிறார்கள்.

அமெரிக்காவில் சால் பிரைஸ் என்பவர் 1976இல் சான் டியாகோவில் ஒரு பழைய விமானக் கொட்டகையில் பிரைஸ் கிளப் என்று கடை திறந்தார். மொத்தமாக வாங்கினால் மலிவு. ஆனால் உள்ளே போவதற்கே ஆண்டுக்கு 25 டாலர் கட்டி உறுப்பினராக வேண்டும். முதலில் சிறு வியாபாரிகளுக்கு மட்டும்தான் அனுமதி. பின்னால் 1993இல் காஸ்ட்கோவோடு இணைந்தது அந்தக் கடைதான். அங்கே வாசலில் கட்டணம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், கட்டுவதும் கட்டாததும் அவரவர் விருப்பம். இங்கே சோற்றரிசிக்கு அப்படி ஒரு வாசல் வந்துவிட்டது. நுழைவுக் கட்டணம் இருபத்தாறாவது கிலோ.

மொத்தமாக வாங்குவதில் உள்ள லாபம் சின்னக் கைகளுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று நம் ஊரில் நினைத்தவர்கள் இருந்தார்கள். 1904 ஏப்ரலில் திருவல்லிக்கேணியில் பதினான்கு பேர் கூடி நகரக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரியும் எம். ஆதிநாராயண ஐயாவும் அதில் முன்னின்றவர்கள். பழைய சென்னைக்காரர்கள் டியூசிஎஸ் என்று சொல்வது அதைத்தான். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 1844இல் நெசவாளர்களும் தொழிலாளர்களுமாக 28 பேர் கடை வைத்த முறையைப் பின்பற்றியது. மூட்டையாக வாங்குவது சங்கம். அரைப்படி தேவைப்படுகிறவரும் அந்த மூட்டையின் விலையில் அரைப்படி வாங்கலாம். ஆண்டு முடிவில் லாபம், வாங்கிய அளவுக்குத் தக்கபடி வாங்கினவருக்கே திரும்பும். பெரிய மூட்டையின் பலனைச் சின்னப் பையில் போட்டுத் தரும் ஏற்பாடு அது. நூற்றுப் பதினெட்டு ஆண்டு கழித்து நாம் போட்ட கோடு அதைத் தலைகீழாக்கிவிட்டது.

இன்னொன்றும் இதில் இருக்கிறது, பலர் கவனிக்காதது. 25 கிலோவைத் தாண்டியதும் வரி மட்டும் போகவில்லை, எடையளவு விதியின் காபந்தும் சேர்ந்து போனது. சிப்பத்தின் மேல் அதிகபட்ச சில்லறை விலை இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 26 கிலோவுக்கு இல்லை. உணவுப் பாதுகாப்பு உரிம எண் போன்றவை வேறு சட்டம், அவை தொடர்கின்றன. ஆனால் விலையைக் காட்டி, இதற்கு மேல் கேட்காதே என்று சொல்லும் உரிமை மெலிந்துவிட்டது. வீட்டுக்காரர் வாங்க மாட்டார் என்று நினைத்து ஒதுக்கிய எடையைத்தான் இப்போது வீட்டுக்காரர்கள் மாதா மாதம் வாங்குகிறார்கள்.

இதை அரசும் கவனித்தது. 2024 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை ஒரு வரைவு வெளியிட்டது. சில்லறையில் விற்கும் பொட்டலம் எந்த எடையாக இருந்தாலும் லேபிள் விதி பொருந்த வேண்டும் என்று. விதி மாறினால் வரியும் கூடவே வந்துவிடுமோ என்று அரிசி ஆலைக்காரர்கள் கலங்கினார்கள். அந்த டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய 55ஆவது கவுன்சில், சில்லறை விற்பனைக்கான 25 கிலோ வரையுள்ள பொட்டலம்தான் வரிக்கு உரியது என்று வரையறையைத் தெளிவாக்கப் பரிந்துரைத்தது. 26 பிழைத்துக்கொண்டது.

நான் கேட்பது 26 கிலோவுக்கு வரி போடுங்கள் என்றல்ல. கோட்டைத் திருப்பிப் போடுங்கள். ஒரு கிலோ, ஐந்து கிலோ, பத்து கிலோ அரிசிப் பாக்கெட்டுக்கு வரி வேண்டாம். வீட்டுக்குப் போகும் எந்தப் பையாக இருந்தாலும், எந்த எடையாக இருந்தாலும், விலையும் முகவரியும் அதன்மேல் இருக்கட்டும். வரியும் லேபிளும் ஒரே ஆணியில் தொங்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

போன மாதம் மேற்குத் தாம்பரத்தில் நான் வழக்கமாகப் போகும் மண்டியில் நின்றிருந்தேன். மண்டிக்காரர் ஒரு பையின் பக்கவாட்டில் குத்தூசியைச் செருகி, வந்த அரிசியை என் உள்ளங்கையில் கொட்டி, பழைய அரிசியா புதுசா என்று பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு பாட்டி துணிப்பையோடு படியேறி வந்தார்.

"அண்ணாச்சி, பத்து கிலோ பாக்கெட் எவ்ளோ?"

அவர் விலை சொன்னார். பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிப் பார்த்தார். இருபது ரூபாய் குறைந்தது.

"பாக்கெட்டு வேணாம் பாட்டிம்மா. செத்த இருங்க" என்றார் மண்டிக்காரர். அடுக்கிலிருந்து ஒரு 26 கிலோ சிப்பத்தை இறக்கினார். நூலின் முனையைத் தேடிப் பிடித்து இழுத்தார். சட்டப்படி, வாங்குகிறவர் இல்லாதபோது அளந்து கட்டி வைத்தால்தான் அது பொட்டலம். கண்ணெதிரே அளந்து கொடுத்தால் சில்லறை, வரி இல்லை. அதே அரிசி, அதே கடை. பாட்டியின் துணிப்பையைத் தராசில் வைத்து அள்ளிப் போட்டார். முள் பத்தில் நின்றதும் பாட்டி அவரை நிமிர்ந்து பார்த்தார். அவர் கொசுறாக ஒரு கைப்பிடி மேலே போட்டார். மிச்சப் பதினாறு கிலோவின் வாயை மடித்து, பிரித்த நூலாலேயே கட்டிச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.